ஒரு வரி மாற, பதினோரு நாள்

சென்ற 2025 செப்டம்பர் 3-ஆம் நாள் இரவு சரக்கு-சேவை வரி மன்றத்தின் 56-ஆவது கூட்டம் முடிந்தபோது, பெரும்பாலான பொருள்களுக்கு இனி 5%, 18% என்ற இரண்டு அடுக்குகளே இருக்கும் என்ற அறிவிப்பு வெளியானது. நடைமுறைக்கு வரும் நாள் செப்டம்பர் 22. லாரிகள் மீதும் அவற்றின் உதிரிபாகங்கள் மீதும் இருந்த 28% வரி 18% ஆகக் குறைந்தது. லாரித் தொழிலை நம்பி வாழும் நாமக்கல்லில் அன்று மகிழாதவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலரில் என் பழைய மாணவர் ஒருவரும் இருந்தார்.

சேலத்தில் நான் பொருளியல் கற்பித்த நாள்களில் என் வகுப்பில் இருந்தவர் அவர். பட்டம் பெற்ற கையோடு கணினிப் பயிற்சி நிலையம் ஒன்றில் சேர்ந்து நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். இப்போது நாமக்கல்லில் ஒரு மாடியறையில் இரண்டு பேரை வைத்துக்கொண்டு சிறு மென்பொருள் நிறுவனம் நடத்துகிறார். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்தபோது லாரி உதிரிபாகக் கடைகளுக்கென்று அவர் எழுதிய பில் போடும் மென்பொருள் முப்பதுக்கும் மேற்பட்ட கடைகளில் இன்றும் ஓடுகிறது. எட்டு ஆண்டுகளில் அதில் பெரிய குறை எதுவும் வந்ததில்லை. எனவே அவரும் அதைத் திறந்து பார்க்கவில்லை.

இப்போது திறக்க வேண்டியதாயிற்று. நிரலில் 28 என்று இருக்கும் இடத்தில் 18 என்று மாற்ற வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதை எழுதிய பழைய கணினி கோடையில் பழுதாகிவிட்டது. புதுக் கணினியில் நிரல் எழுதும் கருவியின் புதிய பதிப்பு இருந்தது. அதில் தம் பழைய திட்டத்தைத் திறந்தார். இருநூற்றுக்கும் மேற்பட்ட பிழைச் செய்திகள் வந்தன. அவர் பயன்படுத்தியிருந்த கட்டளைகள் சில நீக்கப்பட்டிருந்தன. பில்லை அச்சிடுவதற்காக நம்பியிருந்த நிரல் தொகுப்பு ஒன்று புதிய பதிப்போடு பொருந்தவில்லை. அந்தத் தொகுப்பின் புதிய பதிப்பை நிறுவினால் தரவுத்தளத்தை இணைக்கும் பகுதி உடைந்தது. ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று.

"சார், ஒரு வரிதாங்க மாத்தோணும்னு உக்காந்தேன். பதினோரு நாளாச்சுங்க" என்றார், பார்க்க வந்தபோது. அவர் சொன்ன வரி நிரலின் வரியா, அரசின் வரியா என்று கேட்கத் தோன்றியது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

கடைசியில் அவர் படித்த பயிற்சி நிலையத்தின் அலமாரியில் பழைய கருவியின் நிறுவல் குறுந்தகடு ஒன்று கிடைத்திருக்கிறது. ஒரு பழைய கணினியை இரவல் வாங்கி, அதில் அதை ஏற்றி, எண்ணை மாற்றினார். மாற்ற ஆன நேரம் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. கடைக்காரர்களிடம் தலைக்கு 500 ரூபாய் வாங்கினார். ஒரு எண்ணை மாற்றியதற்கு அதுவே அதிகம் என்று முணுமுணுத்தவர்களும் உண்டாம். பதினோரு நாளுக்கான கூலியை யாரிடம் கேட்பது என்பதுதான் அவர் என்னிடம் கொண்டுவந்த கேள்வி. நான் கணினி அறிஞன் அல்லன். ஆனால் செலவை ஒருவர் உண்டாக்க மற்றொருவர் சுமப்பது என்பது என் துறையின் பழைய பாடம் என்பதால், சில மாதங்களாக இதைப் பற்றிப் படித்தும் கேட்டும் வருகிறேன்.

முதலில், இது ஏன் நிகழ்கிறது என்பதை நம் ஊர்த் தொழிலைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். லாரி முழுவதையும் நாமக்கல் பட்டறைகள் செய்வதில்லை. பெரிய நிறுவனம் செய்து அனுப்பும் சேஸிஸ் மீது கூண்டு கட்டுவதே இங்குள்ள தொழில். கூண்டு எவ்வளவு திறமாகக் கட்டப்பட்டாலும் அது அமர்வது சேஸிஸில் உள்ள துளைகளையும் தாங்கிகளையும் நம்பித்தான். அடுத்த ஆண்டு சேஸிஸில் துளைகள் நான்கு அங்குலம் தள்ளி வந்தால், பட்டறையில் இருக்கும் அளவுகளும் அச்சுகளும் பயனற்றுப் போகும். பழைய கூண்டைப் புதிய சேஸிஸுக்கு மாற்றவும் முடியாது. நிரல் என்பது கூண்டு. நிரல்மொழி, அதை இயந்திர மொழியாக்கும் தொகுப்பி, பிறர் எழுதித் தந்த நிரல் தொகுப்புகள், இயங்குதளம் ஆகியவை சேஸிஸ். இன்றைய மென்பொருளில் ஒரு நிரலர் தம் கையால் எழுதுவது சிறு பகுதியே. எஞ்சியது பிறர் எழுதியதன் மேல் அமர்ந்திருக்கிறது. அந்தப் பிறரும் வேறு பிறரை நம்பியிருக்கிறார்கள்.

அந்தச் சங்கிலி எவ்வளவு மெல்லியது என்பதை 2016 மார்ச் 22 உலகுக்குக் காட்டியது. ஜாவாஸ்கிரிப்ட் நிரலர்கள் பொதுவாகப் பயன்படுத்தும் என்.பி.எம். என்ற களஞ்சியத்திலிருந்து, பெயர் உரிமை குறித்த ஒரு பிணக்கால் நிரலர் ஒருவர் தம் தொகுப்புகள் அனைத்தையும் விலக்கிக்கொண்டார். அவற்றுள் ஒன்று 'லெஃப்ட்-பேட்'. ஒரு சொல்லின் இடப்புறம் வெற்றிடம் நிரப்பும் வேலையைச் செய்யும் 11 வரி நிரல். அதை நேராகவோ சுற்றி வளைத்தோ நம்பியிருந்த ஆயிரக்கணக்கான திட்டங்கள், உலகின் பெரிய நிறுவனங்களுடையவை உள்பட, அன்று கட்டமைக்க முடியாமல் நின்றன. சில மணி நேரத்தில் களஞ்சியத்தார் அந்த 11 வரிகளை மீட்டு வைத்த பிறகே நிலைமை சீரானது. நின்ற திட்டங்களில் பலவற்றின் உரிமையாளர்களுக்கு, அப்படியொரு தொகுப்பைத் தாம் பயன்படுத்துவதே அன்றுதான் தெரிந்திருக்கும்.

விலக்கிக்கொள்வதைவிடப் பரவலானது மாற்றிவிடுவது. இதற்கு நம் ஊர்களுக்கு மிக நெருக்கமான எடுத்துக்காட்டு விஷுவல் பேசிக். தொண்ணூறுகளின் இறுதியில் சேலம், ஈரோடு, நாமக்கல் பேருந்து நிலையங்களைச் சுற்றியிருந்த கணினிப் பயிற்சி நிலையங்களின் பலகைகளில் அந்தப் பெயர் இல்லாத பலகை இராது. 1998-இல் வந்த அதன் ஆறாம் பதிப்பைக் கொண்டு தறிப்பட்டறை, அரிசி ஆலை, கோழிப்பண்ணை, நிதி நிறுவனம் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு மென்பொருள்கள் எழுதப்பட்டன. 2002-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதன் அடுத்த தலைமுறையை 'டாட் நெட்' என்ற அடையோடு வெளியிட்டது. பெயரில் தொடர்ச்சி இருந்தது. உள்ளே இருந்தது ஏறத்தாழ வேறொரு மொழி.

என்ன மாறியது என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பழைய மொழியில் 'இன்டிஜர்' என்று அறிவித்த முழு எண்ணுக்குக் கணினி 2 பைட் இடம் ஒதுக்கும். அதில் 32,767-க்கு மேல் எண் அடங்காது. புதிய மொழியில் அதே பெயருக்கு 4 பைட். நல்ல மாற்றம்தானே என்று தோன்றும். பெரிய எண்கள் அடங்கும். ஆனால் ஒரு கோழிப்பண்ணையின் அன்றாடக் கோப்பில் முட்டை எண்ணிக்கை 2 பைட்டிலும், அதை ஒட்டி இறந்த கோழிகளின் எண்ணிக்கை 2 பைட்டிலும் எழுதப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் 28,500 முட்டைகள்; 12 கோழிகள் இறந்தன. நிரலைக் கவனமின்றிப் புதிய மொழிக்கு மாற்றினால், அது முட்டைக்கென 4 பைட்டைப் படிக்கும். இரண்டு எண்களும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். திரையில் தெரியும் முட்டை எண்ணிக்கை 8,14,932. இவ்வளவு பெரிய தவறைப் பண்ணைக்காரர் உடனே கண்டுகொள்வார். சிறிய தவறுகளே ஆபத்தானவை. பைத்தான் மொழியின் இரண்டாம் பதிப்பில் 7-ஐ 2-ஆல் வகுத்தால் 3 என்று விடை வரும். மூன்றாம் பதிப்பில் 3.5. எந்தப் பிழைச் செய்தியும் வராது. மூன்றாம் பதிப்பின் விடையே சரி என்று நாம் சொல்லலாம்; ஆனால் 3 என்ற விடையை நம்பி எழுதப்பட்ட நிரல் இப்போது ஓசையின்றித் தவறும்.

விஷுவல் பேசிக்கை நம்பியிருந்தவர்கள் வாளாவிருக்கவில்லை. 2005 மார்ச்சில், அந்நிறுவனமே சிறந்த வல்லுநர்கள் என்று பட்டம் தந்திருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் உள்பட, பல நாட்டு நிரலர்கள் பழைய மொழியைக் கைவிட வேண்டாம் என்று கூட்டு விண்ணப்பம் அனுப்பினர். பயன் இல்லை. 2008 ஏப்ரலில் அந்தக் கருவிக்கான ஆதரவு முற்றிலும் முடிந்தது. பழைய நிரலைப் புதியதாக மாற்றித் தந்த துணைக்கருவியும் 2010 பதிப்போடு நீக்கப்பட்டது. ஒன்றை மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும். முன்பே கட்டிமுடித்த நிரல்கள் இன்றைய விண்டோஸிலும் ஓடுவதற்கான ஏற்பாட்டை அந்நிறுவனம் தொடர்ந்து வைத்திருக்கிறது. ஆகவே அவை ஓடும், திருத்துவதுதான் கடினம். சட்டம் மாறாத ஊரில் இது போதுமானது.

இங்குதான் பொருளியல் நுழைகிறது. குமாரபாளையத்திலோ பள்ளிபாளையத்திலோ ஒரு விசைத்தறியைப் பாருங்கள். அது முதலீட்டுப் பொருள். ஓட ஓடத் தேயும், தேய்மானத்தைக் கணக்கில் எழுதுகிறோம், உதிரிபாகம் மாற்றுகிறோம், முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அது ஓடுகிறது. தறி செய்தவர் புதிய வகைத் தறியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார் என்பதற்காகப் பழைய தறி மறுநாள் காலை நின்றுவிடுவதில்லை. மென்பொருளும் முதலீட்டுப் பொருளே. விந்தை என்னவென்றால் அது தேய்வதே இல்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன் எழுதிய எண்ணும் எழுத்தும் அப்படியே இருக்கின்றன. இருந்தும் அதன் மதிப்பு ஒரு நாளில் வீழ்கிறது. எங்கோ இருக்கும் ஒருவர், உங்கள் பெயர்கூடத் தெரியாமல், தம் நாள்காட்டியின்படி எடுத்த முடிவே அந்த வீழ்ச்சிக்குக் காரணம். உரிமை ஒருவரிடம், தேய்மானத்தைத் தீர்மானிக்கும் ஆற்றல் இன்னொருவரிடம் என்ற இந்த வகை மூலதனத்துக்கு நம் கணக்கியல் இன்னும் சரியான பெயர் வைக்கவில்லை.

கருவியைச் செய்பவரின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். பழைய பதிப்புகள் ஐந்தாறையும் ஒருசேரப் பேணுவது பெருஞ்செலவு. தொடக்கத்தில் செய்த வடிவமைப்புத் தவறுகளை எக்காலத்துக்கும் சுமக்க எவரும் விரும்பார். பாதுகாப்பு வேறு. 2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளை முடக்கிய 'வான்னாகிரை' தாக்குதலுக்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே அதைத் தடுக்கும் திருத்தம் வெளியிடப்பட்டிருந்தது. அதை நிறுவாமல் விட்டவர்களே பெரும்பாலும் அகப்பட்டனர். ஆகவே, 'புதுப்பிக்கவே வேண்டாம்' என்று என் மாணவருக்கு நான் அறிவுரை சொல்ல முடியாது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் மீர் லேமன் 1974-இலேயே இதை ஒரு விதியாக வகுத்தார்: நடைமுறை வாழ்வில் பயன்படும் நிரல் தொடர்ந்து மாற்றப்பட வேண்டும், இல்லையெனில் அதன் பயன் படிப்படியாகக் குறையும்.

மாற வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. மாற்றத்தின் செலவை முடிவெடுப்பவர் சுமக்கிறாரா என்பதே என் கேள்வி. ஒரு கட்டளையை நீக்குவதால் கருவி செய்பவருக்குச் சில நாள் உழைப்பு மிச்சமாகலாம். அதனால் உலகெங்கும் நூறாயிரம் நிரலர்கள் ஆளுக்கு ஒரு நாள் இழந்தாலும் அந்த இழப்பு அவருடைய கணக்கேட்டில் எங்கும் பதிவாவதில்லை. சாயப்பட்டறைக் கழிவு ஆற்றில் கலப்பதைப் புறவிளைவு என்று வகுப்பில் விளக்குவோம். இதுவும் அதே இனம். இழந்தவர்கள் ஏன் ஒன்றுகூடிக் கேட்பதில்லை என்பதற்கு மான்கர் ஓல்சன் 1965-இல் எழுதிய கூட்டுச் செயல்பாடு பற்றிய நூலில் விடை இருக்கிறது: பலர் மீது சிறிது சிறிதாகப் பரவும் இழப்புக்கு எதிராக எவரும் திரள்வதில்லை, திரள்வதற்கான செலவு ஒவ்வொருவரின் இழப்பையும்விடப் பெரிது. 2005 விண்ணப்பம் விதிவிலக்கு. அதுவும் தோற்றது.

இதில் இந்தியாவின் நிலை சற்று இக்கட்டானது. 2000-ஆம் ஆண்டுச் சிக்கல் என்று உலகம் அஞ்சியபோது, பிற நாட்டாரின் பழைய நிரல்களில் இரண்டு இலக்க ஆண்டை நான்கு இலக்கமாக்கும் வேலையே நம் மென்பொருள் நிறுவனங்களை வளர்த்தது. இன்றும் பழைய பதிப்பிலிருந்து புதிய பதிப்புக்கு மாற்றித் தருவது அவற்றுக்கு நல்ல வருவாய். அதாவது, ஒரு கருவி உடையும்போது சென்னைக்கும் பெங்களூருக்கும் வரவு; நாமக்கல்லுக்குச் செலவு. மாற்றுவதற்கான தொகையை வெளிநாட்டு வங்கி தன் வரவுசெலவுத் திட்டத்திலேயே ஒதுக்கியிருக்கும். உதிரிபாகக் கடைக்காரர் ஒதுக்குவதில்லை. மென்பொருளை ஒருமுறை வாங்கிய கால்குலேட்டரைப் போலத்தான் அவர் நினைக்கிறார்.

செலவுக்கு அஞ்சி உறைந்துபோவது மற்றோர் எல்லை. அதற்கு நம் கல்விநிலையங்களே சாட்சி. போர்லாண்ட் நிறுவனத்தின் 'டர்போ சி++' 1990-இல் வந்த கருவி. அந்த மொழிக்கு 1998-இல் பன்னாட்டுத் தர வரையறை வந்தபோது எழுதும் முறை மாறிவிட்டது; நிரலின் முதல் வரியில் தலைப்புக் கோப்பின் பெயரோடு ஒட்டியிருந்த 'டாட் ஹெச்' என்னும் வால்கூட நீங்கிவிட்டது. ஆனால் இந்தியக் கல்லூரி ஆய்வகங்கள் பலவற்றில் அந்த நீலத் திரை அதன் பிறகும் பல்லாண்டுகள் ஒளிர்ந்தது. 64-பிட் விண்டோஸில் அது ஓட மறுத்தபோது, பழைய டாஸ் கணினிபோல் நடிக்கும் வேறொரு மென்பொருளை நிறுவி அதற்குள் அதை ஓட்டினோம். என் கல்லூரியில் வேலைவாய்ப்புப் பிரிவின் பொறுப்பு சில ஆண்டுகள் என்னிடம் இருந்தது. நேர்காணலுக்கு வந்த ஒரு நிறுவனத்தின் கணினியில், வகுப்பில் முதலிடம் பெற்ற மாணவி எழுதிய நிரல் முதல் வரியிலேயே பிழை என்று நின்றது. அவர் எழுதியது பாடநூலில் இருந்தபடியே இருந்தது. வெளியே வந்து, "புக்ல அப்படித்தான சார் இருக்கு" என்று அழுதார். அவருக்கு அன்று நான் சொன்ன ஆறுதல் எதுவும் எனக்கே ஏற்புடையதாக இல்லை.

மேனிலைப் பள்ளிப் பாடநூலிலும் இதே கதைதான். நம் மாணவர்கள் பல ஆண்டுகள் 'ஸ்டார் ஆபீஸ்' படித்தார்கள். சன் நிறுவனத்தை வாங்கிய ஆரக்கிள் 2011-இல் அந்த மென்பொருளைக் கைவிட்டது. 2018-19, 2019-20 கல்வியாண்டுகளில் புதிய பாடத்திட்டம் வரும்வரை, சந்தையில் இல்லாத ஒன்றின் பட்டியல் வரிசையை நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். புதிய பாடத்திட்டத்தில் பைத்தான் வந்தது பாராட்டத்தக்கது. ஆனால் அதே ஆண்டு வந்த கணினிப் பயன்பாடுகள் பாடநூலில் 'பேஜ்மேக்கர்' இருக்கிறது. அதன் கடைசிப் பெரும் பதிப்பு வெளியான ஆண்டு 2001.

அரசின் இணையதளங்களும் தப்பவில்லை. மின்னணு ஒப்பந்தப்புள்ளி போன்ற பணிகளில் மின்கையொப்பம் இடுவதற்கு 'ஜாவா ஆப்லெட்' என்ற நுட்பத்தை அவற்றில் பல நம்பியிருந்தன. 2015 செப்டம்பரில் குரோம் உலாவியும் 2017 மார்ச்சில் ஃபயர்பாக்ஸ் உலாவியும் அதற்கான வாயிலை அடைத்தன. இவ்விரு அறிவிப்புகளும் நெடுநாள் முன்பே தரப்பட்டவை. இருந்தும் மாற்று ஏற்பாடு எங்கும் ஒரே வேகத்தில் வரவில்லை. பழைய உலாவியைப் பழைய கணினியில் போற்றிப் பாதுகாத்து, ஒப்பந்தப்புள்ளிக்கு மட்டும் அதைத் திறந்த ஒப்பந்ததாரர்களை நான் அறிவேன்.

பழையதை உடைக்காமல் புதுமை செய்ய முடியாதா? முடியும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவைப் பேணும் லினஸ் டோர்வால்ட்ஸ், பயனாளரின் நிரலை உடைக்கும் எந்த மாற்றமும் பிழையே என்ற நெறியை விடாப்பிடியாகக் காத்து வருகிறார். 2012-இல் வெளியான 'கோ' மொழியின் முதல் பதிப்போடு, இன்று எழுதும் நிரல் அந்தத் தலைமுறையின் பின்வரும் பதிப்புகளிலும் கட்டமையும் என்ற எழுத்துமூல உறுதி தரப்பட்டது. எனக்கு நெருக்கமான சான்று வேறொன்று. அது நம் எழுத்தைப் பற்றியது.

தொண்ணூறுகளில் நான் தட்டெழுதி வைத்த வகுப்புக் குறிப்புகள் அன்றைய ஏதோவொரு தமிழ் எழுத்துருவில் இருக்கின்றன. இன்று அவற்றைத் திறந்தால் வருவது பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் குவியல். ஒவ்வோர் எழுத்துரு நிறுவனமும் தன் விருப்பப்படி எழுத்துகளுக்கு எண் கொடுத்த காலம் அது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் வழியே டாம், டாப் தரங்கள் வந்தன. யூனிகோடு தமிழுக்கு 1991-இலேயே இடம் ஒதுக்கியிருந்தது. ஆனால் உயிர்மெய் எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனி எண் இல்லை. எல்லா எழுத்துகளுக்கும் தனி இடம் தந்து தமிழை மறுபடி குறியாக்கம் செய்ய வேண்டும் என்று தமிழறிஞர்கள் பலர் வாதாடினர். நானும் அந்தக் கட்சியில் இருந்தவன்தான். யூனிகோடு அமைப்பு இணங்கவில்லை. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்று, அது இயலாத இடங்களில் 'டேஸ்16' என்ற அனைத்தெழுத்துக் குறியீட்டைப் பயன்படுத்தலாம் என்று ஆணையிட்டது.

அவர்கள் ஏன் இணங்கவில்லை என்பதைப் பின்னரே அறிந்தேன். 1996-இல் யூனிகோடின் இரண்டாம் பதிப்பில் கொரிய எழுத்துகளை ஓரிடத்திலிருந்து எடுத்து வேறிடத்தில் 11,172 அசையெழுத்துகளாக வைத்தார்கள். பழைய எண்களில் எழுதப்பட்டிருந்த கொரிய ஆவணங்களும் நிரல்களும் பொருளிழந்தன. அந்தக் குழப்பத்துக்குப் பிறகு, ஒருமுறை எண் தந்த எழுத்தை இனி இடம் மாற்றவோ நீக்கவோ மாட்டோம் என்ற உறுதியை அந்த அமைப்பு மேற்கொண்டது. நம் கோரிக்கை அந்த உறுதியில்தான் மோதி நின்றது. அன்று அதை ஆணவம் என்று எழுதியவன் நான். இன்று இந்தக் கட்டுரையைத் தட்டெழுதும்போது, இதன் ஒவ்வோர் எழுத்தும் இன்னும் ஐம்பது ஆண்டு கழித்தும் அதே எழுத்தாகவே திறக்கும் என்ற நம்பிக்கை எனக்கு அந்த உறுதியால்தான் கிடைக்கிறது. குறையுள்ள தரமாயினும் அசையாத தரத்துக்குத் தனி மதிப்பு உண்டு என்பதை என் குறிப்புகளை இழந்துதான் கற்றேன்.

அப்படிப்பட்ட உறுதியைத் தனிமனிதர் கேட்டுப் பெற முடியாது. பெரிதாக வாங்குபவர் கேட்டால் கிடைக்கும். இந்நாட்டில் மிகப் பெரிதாக மென்பொருள் வாங்குவது அரசு. 2015-இல் மத்திய அரசு வகுத்த திறமூல மென்பொருள் கொள்கை, மூல நிரலைப் பார்க்கவும் திருத்தவும் உரிமையுள்ள மென்பொருளுக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. நல்லது. ஆயினும் மூல நிரல் மட்டும் கையில் இருந்து என் மாணவருக்கு என்ன பயன் கிடைத்தது? அவரிடமும் மூல நிரல் இருந்தது. இல்லாமற்போனது அதைக் கட்டமைத்த சூழல்: கருவியின் அதே பதிப்பு, நம்பியிருந்த தொகுப்புகளின் அதே பதிப்புகள். அரசு ஒப்பந்தங்களில் நிரலோடு இந்தச் சூழல் முழுவதையும் ஒப்படைக்க வேண்டும் என்றும், ஆண்டுக்கு ஒருமுறையேனும் புதிய கணினியில் அதை முதலிலிருந்து கட்டமைத்துக் காட்ட வேண்டும் என்றும் ஒரு விதி சேர்ப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது. மேட்டூர் அணையின் மதகுகளை வெள்ளம் வரும் நாளில்தான் முதன்முறை ஏற்றி இறக்கிப் பார்ப்பது என்று எவரும் முடிவு செய்வதில்லை.

கல்லூரிகளுக்கும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. புதிய நிரல் எழுதக் கற்பிக்கிறோம். பிறர் எழுதிய பத்தாண்டுப் பழைய நிரலைப் படித்துப் பழுதுபார்க்கக் கற்பிப்பதில்லை. நம் இளைஞர்கள் வேலையில் சேர்ந்ததும் பெரும்பாலும் செய்யப்போவது இரண்டாவதைத்தான். லாரிப் பட்டறையில் சேரும் பையனுக்கு முதலில் தருவது துருப்பிடித்த பழைய கூண்டைக் கழற்றும் வேலை. கட்டும் வேலை பிறகே.

என் மாணவரின் கேள்விக்கு, அதாவது பதினோரு நாள் கூலிக்கு, என்னிடம் விடை இல்லை. தவறு அவரிடமும் உண்டு என்று சொன்னேன்: வரி விகிதத்தை நிரலுக்குள்ளேயே எழுதியிருக்கக் கூடாது, கருவியின் பழைய பதிப்பைப் பாதுகாத்து வைத்திருக்க வேண்டும். அவர் மறுக்கவில்லை. இப்போது விகிதங்களைத் தனி அட்டவணையாக வெளியே வைத்துவிட்டார். இரவல் வாங்கிய பழைய கணினியை விலைக்கே வாங்கி, துணி போர்த்தி வைத்திருக்கிறார். மாதம் ஒருமுறை அதை இயக்கி, நிரல் கட்டமைகிறதா என்று பார்க்கிறார். புதிய கருவிக்கு மாற்றும் வேலையையும் தொடங்கியிருக்கிறார். கடைகளுக்கு நேரம் தந்து ஓராண்டில் முடிப்பதாகச் சொல்கிறார். அதற்காக வாடிக்கையாளர்களிடம் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் கேட்டிருக்கிறார். "பில்லுதான் நல்லா வருதே, அப்புறம் எதுக்குப் பராமரிப்பு?" என்று பலர் கேட்டார்களாம். ஒரு கடைக்காரர் மட்டும், "வண்டிக்கு எஃப்.சி. காட்டற மாதிரிங்களா?" என்று கேட்டுவிட்டு, பணத்தை எடுத்து வைத்திருக்கிறார். இதுவரை பதினான்கு கடைகள் ஒப்புக்கொண்டிருக்கின்றன.